காம்பாரும் கேமரன் மலைச் சாலையும்

பேராக் மாநிலத்தில், கிந்தா சமவெளியின் தென்பகுதியில், புஜாங் மலாக்கா மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் காம்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈய லம்பங்களால் செழித்து, இருபதாம் நூற்றாண்டில் இரப்பர்த் தோட்டங்களால் சூழப்பெற்ற ஊர் அது. ஆண்டு முழுவதும் நண்பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கும். கூதிர், முன்பனி, பின்பனி என்னும் பருவங்களைத் தமிழ்ப் பிள்ளைகள் ஈண்டு ஏட்டிலன்றிக் கண்டறியார். மழை மிகுந்த மாதங்கள், மழை குறைந்த மாதங்கள் என்னும் வேறுபாடு ஒன்றே அங்கு உண்டு.

இத்தகைய நாட்டில் ஆட்சி புரிந்தும் தோட்டம் நடத்தியும் வாழ்ந்த ஆங்கிலேயர் தங்கள் ஓய்விடத்தை எவ்வாறு தேர்ந்தனர்? தேர்ந்த இடத்தை வாழத்தக்க இடமாக ஆக்கித் தந்தோர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை, காம்பாருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தாப்பாவிலிருந்து மலையேறும் ஒரு சாலையில் இருக்கிறது. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததேனும், நெடுங்காலம் அதன் வாயில் பேராக்கே. ஆதலின் அச்சாலையின் வரலாறு பேராக் தமிழரின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும்.

பருவமும் உறைவிடமும்

பருவத்திற்கேற்ப உறைவிடத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கம் மிகத் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்காலத்து நகர் ஒன்றைக் காட்டுகிறார். அங்கே செல்வர் மனைகளில் வேனிற்காலத்துப் படுக்கையறைகளின் சாளரங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல்லைத் தேடுவார் இல்லை. குளிரை வெறுத்தவர் வேனிலுக்குரிய அறையை அடைத்துவிட்டு, நெருப்பிட்ட தடவினருகே அமர்கின்றனர். அப்பாட்டின் தொடக்கத்திலேயே வேறொரு காட்சியும் உண்டு. வெள்ளத்திற்கு அஞ்சி ஆநிரையை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் சென்ற ஆயர், நனைந்த உடலோடு நெருப்பைச் சுற்றி நின்று கன்னம் நடுங்கக் கைகாய்கின்றனர். வாடைக் காற்று இரு சாராருக்கும் ஒன்றே. ஆனால் ஒரு சாரார்க்குத் தங்குமிடத்தைத் தேரும் வாய்ப்பு இருந்தது. மற்றவர்க்கு அது இல்லை.

ஓய்விடங்களின் வரலாறு எந்நாட்டிலும் இவ்வேறுபாட்டின் வரலாறாகவே அமைந்திருக்கிறது. மலையின் குளிரை ஆங்கிலேயர் நாடிய செய்தியை அறியுமுன், தம் சொந்தக் கண்டத்தில் அவர்கள் குளிரை விட்டு ஓடிய செய்தியை அறிவது நலம்.

தென் ஐரோப்பாவின் இளவெயில்

இங்கிலாந்தின் மாரிக்காலம் இருண்டது, ஈரம் மிக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து, பொருளும் பொழுதும் உடைய ஆங்கிலேயர் அக்காலத்தைத் தென் ஐரோப்பாவின் கடற்கரையில் கழிக்கத் தொடங்கினர். உடல்நலம் குன்றியிருந்த எழுத்தாளர் தோபயாஸ் ஸ்மாலெட், 1763ஆம் ஆண்டு புறப்பட்டுச் சென்று நீஸ் நகரில் தங்கினார். 1766ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பயண நூல் அந்நகரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது.

அக்கடற்கரை மிதமான தட்பவெப்பம் உடையதாய் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள. வடக்கே நிற்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடர் குளிர்வாடையைத் தடுக்கிறது. தெற்கே கிடக்கும் மத்தியதரைக் கடல் கோடையில் ஏற்ற வெப்பத்தை மாரிக்காலத்தில் மெல்ல மெல்ல வெளியிடுகிறது. இலண்டன் நடுங்கும் சனவரி மாதத்திலும் நீஸ் நகரின் பகல் வெப்பம் 13 பாகை அளவில் இருக்கும்.

இடத்தைத் தேர்வதில் அறிவுக்கு இருந்த பங்கு தற்செயலுக்கும் இருந்தது. 1834ஆம் ஆண்டு இத்தாலிக்குச் சென்றுகொண்டிருந்த புரூம் பிரபு, வாந்திபேதி பரவியதால் எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டார். அதனால் கான் என்னும் சிறிய மீனவர் ஊரில் தங்க நேர்ந்தது. அவ்வூர் அவருக்குப் பிடித்துப்போகவே, அங்கேயே ஒரு மாளிகை எழுப்பினார். அவரைப் பின்பற்றிப் பிறரும் வந்தனர். 1860களில் இருப்புப்பாதை நீஸ் வரை நீண்டது. விக்டோரியா அரசியார் 1882ஆம் ஆண்டு மெந்தோன் நகரில் தங்கினார். 1890களின் பிற்பகுதியில் நீஸ் நகருக்குப் பலமுறை சென்றார். இவ்வாறு நோயுற்றவர்க்கு மருந்தாகத் தொடங்கிய வழக்கம், செல்வர்க்குப் பெருமையாக வளர்ந்தது.

நீஸ் நகரின் கடலோரத்தில் புகழ்பெற்ற நடைபாதை ஒன்று உண்டு. அதன் பெயர் ஆங்கிலேயர் நடைபாதை. 1820களின் தொடக்கத்தில் ஒரு கடும் பனி அவ்வூரின் நாரத்தை வகை மரங்களைக் கருக்கியது. பிழைப்பிழந்த ஏழைகள் தெருவில் திரிந்தனர். லூயிஸ் வே என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் நாட்டவரிடம் பொருள் திரட்டி, அவ்வேழைகளைக் கொண்டே கடலோரமாக ஒரு பாதை அமைப்பித்தார். அறச்செயல்தான், ஐயமில்லை. ஆயினும் பாதைக்குப் பெயர் வாய்த்தது நடந்தவர்களால். கல் சுமந்தவர்களால் அன்று. இச்செய்தி நூறாண்டுகளுக்குப் பின் தாப்பாவின் காட்டில் நிகழ்ந்ததற்கு ஒரு முன்னுரை போன்றது.

கீழ்நாட்டு மலைகள்

வெப்ப நாடுகளுக்கு வந்த ஆங்கிலேயர்க்கு நாட்டம் தலைகீழாக மாறியது. அங்கே வெயிலைத் தேடியவர் இங்கே குளிரைத் தேடினர். இருவகைத் தேட்டத்திற்கும் குறிக்கோள் ஒன்றே: வெயிலும் குளிரும் வருத்தாத ஓர் இடம். நிலநடுக்கோட்டை அடுத்த நாட்டில் அத்தகைய இடம் உயரத்தில்தான் கிடைக்கும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 6 பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு.

கோயம்புத்தூர் ஆட்சித் தலைவராயிருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் தோதவர் வாழ்ந்த நிலத்தில் உதகமண்டலம் உருவாயிற்று. இலங்கையில் ஆளுநர் எட்வர்டு பார்ன்ஸ் 1820களில் நுவரெலியாவை ஓய்விடமாக்கினார். பினாங்குக் கொடிமலையில் கம்பி இழுக்கும் இரயில் 1923ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. இவற்றை ஆக்கியோர் வெறும் இன்பத்தை மட்டும் கருதினர் என்று கூறிவிட முடியாது. காய்ச்சலுக்குக் காரணம் தாழ்நிலத்தின் நச்சுக் காற்றே என்று மருத்துவர் நம்பிய காலம் அது. மலேரியா என்னும் சொல்லே இத்தாலிய மொழியில் தீய காற்று எனப் பொருள்படும். அந்நோயைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் ஆராய்ந்து காட்டும்வரை, மலையேறுதலே மருந்தாகக் கருதப்பட்டது.

மேக்ஸ்வெல் மலை

பேராக்கில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது தைப்பிங் நகருக்கு மேலே உள்ள மலை. 1884ஆம் ஆண்டளவில் அங்கு ஓய்வு மாளிகைகள் எழத் தொடங்கின. பேராக்கில் துணை ரெசிடெண்டாகப் பணிபுரிந்த வில்லியம் எட்வர்டு மேக்ஸ்வெலின் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. 1979ஆம் ஆண்டில் அது புக்கிட் லாருட் எனப் பெயர் மாறியது.

காம்பாரிலிருந்த ஒரு தோட்டத் துரை அக்காலத்தில் அம்மலைக்குச் செல்ல விரும்பினால், ஈப்போ வழியாக இரயிலில் தைப்பிங்கை அடைய வேண்டும். அங்கிருந்து கால்நடையாகவோ, மட்டக் குதிரையின் மீதோ, ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலோ மலையேற வேண்டும். வண்டி செல்லும் பாதை இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1940களின் பிற்பகுதியில்தான் அமைந்தது. அவ்வேலையில் சரணடைந்த ஜப்பானியப் படைவீரர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். பாதை எளிதாகுமுன் ஒவ்வொரு பயணியின் குளிரும் மற்றொருவனின் தோள்வலியால் வந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

அம்மலைக்கு மூன்று குறைகள் இருந்தன. ஒன்று, மழை. தைப்பிங் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். தீபகற்பத்தின் மழை மிக்க நகர் அதுவே. இரண்டு, உயரம். மாளிகைகள் அமைந்த பகுதி ஏறத்தாழ 1,100 முதல் 1,250 மீட்டர் வரையே உயர்ந்தது. மூன்று, இடம். குறுகிய முகடாகையால் சில மாளிகைகளுக்குமேல் கட்ட இயலவில்லை. ஓர் ஊரே அமைக்கத்தக்க சமநிலம் வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுத்தது.

கேமரன் கண்டதும் காணாததும்

1885ஆம் ஆண்டில் அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன், பேராக்–பகாங் எல்லை மலைகளை அளக்கச் சென்றார். அவரோடு சென்று வழிகாட்டியவர்களுள் குலோப் ரியாவ் என்பவர் குறிப்பிடத்தக்கவர். மலைகள் சூழ்ந்த, மென்சரிவான ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகக் கேமரன் எழுதினார். ஆனால் அவ்விடத்தை நிலப்படத்தில் தெளிவாகக் குறித்து வைக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். பேராக் ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோ, அம்மேட்டுநிலத்தில் நலவாழ்வு இல்லமும் வேளாண்மையும் அமையவேண்டும் என விரும்பினார். விருப்பம் நாற்பது ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது.

கண்டுபிடித்தார் என்னும் சொல்லை இங்கே அளவோடு கொள்ளவேண்டும். தாப்பாவின் மலையடிவாரத்திலும் அதற்கு மேலும் செமாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். மலையின் ஓடைகளும் பாதைகளும் அவர்கள் அறிந்தவையே. அறியாதிருந்தது அரசாங்கத்தின் நிலப்படம் ஒன்றே.

1925ஆம் ஆண்டில் மலாய் நாடுகளின் கூட்டமைப்பிற்குத் தலைமைச் செயலாளராயிருந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல் அம்மேட்டுநிலத்தை நேரில் காணச் சென்றார். தைப்பிங் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் எட்வர்டின் மகன் இவர். தந்தையின் பெயர் கொண்ட மலை போதாதென்பதை மகன் உணர்ந்தது வரலாற்றின் சுவையான நிகழ்ச்சி. இலங்கையின் நுவரெலியாவும் பிலிப்பைன்சு நாட்டின் பாகியோவும் அவர் கருத்தில் இருந்தன. அவற்றுக்கு ஒப்பான ஊர் ஒன்றை இங்கே படைக்கலாம் என்று அவர் கண்டார். மண்ணையும் பயிர்களையும் ஆராய ஒரு சோதனை நிலையம் அமைந்தது. தேயிலை, காப்பி, கொயினா மரம், காய்கனிகள் ஆகியவை அங்கு விளையும் என்பது உறுதிப்பட்டது.

ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா என்னும் இடம் ஊருக்கு ஏற்றதாயிற்று. தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பதே பொருள். அங்கே சராசரி வெப்பம் 18 பாகை அளவில் இருக்கும். காம்பாரின் கோடை நண்பகலிலிருந்து புறப்பட்ட ஒருவர் மாலையில் கம்பளியைத் தேடுவார். இடம் கிடைத்தது, குளிரும் கிடைத்தது. இல்லாதது சாலை ஒன்றே.

சாலை

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடல்மட்டத்திற்குச் சற்றே உயர்ந்த நிலத்தில் தொடங்கி, அடர்ந்த காட்டின் ஊடே, எண்ணற்ற வளைவுகளோடு ஏறும் வழி அது. 1920களின் பிற்பகுதியில் பணி ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 1931ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. கனத்த இயந்திரங்களை முழுமையாக ஏற்ற வழியின்மையால், அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து மேலே கொண்டுசென்று பூட்டினர்.

இயந்திரத்தினும் பெரிய இடையூறு மலேரியா. இதன் காரணம் அறியத்தக்கது. மலாயாவின் குன்றுப்பகுதிகளில் அந்நோயைப் பரப்பும் கொசு, சேற்றுக் குட்டையில் பெருகுவதன்று. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் பெருகுவது. அடர்ந்த காட்டின் நிழலில் ஓடும் ஓடை அதற்கு ஏற்றதன்று. சாலைக்காகக் காட்டை வெட்டியதும் ஓடைகளின்மேல் வெயில் விழுந்தது, கொசு பெருகிற்று. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் மலாயாத் தோட்டங்களில் இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டியிருந்தார். நோய்க்கு அஞ்சி மலையுச்சியை நாடியவர்க்காக, வழி நெடுகிலும் நோயைத் திறந்துவிடும் வேலையாக அது அமைந்தது.

இச்சாலைப் பணியில் மிகுதியாக ஆட்கள் இருந்த காலத்தில் மூவாயிரவர் வேலை செய்தனர். ஒரு கட்டத்தில் அவர்களுள் ஏறத்தாழ 500 பேரே வேலை செய்யும் நிலையில் இருந்தனர் என்பது சாலை வரலாற்றில் வழங்கும் செய்தி. மற்றவர் மருத்துவமனையில் அல்லது தனித்து வைக்கப்பட்ட கொட்டகைகளில் கிடந்தனர். நோயாளிகளைப் பிரித்து வைத்தும், கொயினா மருந்து கொடுத்தும், நீர்நிலைகளில் எண்ணெய் தெளித்தும் நோயைக் கட்டுப்படுத்திய பின்னரே பணி முன்னேறியது.

மலாயாவின் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் அமைத்த கூலியாட்களுள் தமிழர் மிகப் பெரும்பகுதியினர். தோட்டத் தமிழர் சாலையைச் சடக்கு என்பர். சடக்குப் போடும் வேலை என்றால் கல்லுடைத்தல், மண்வெட்டுதல், தார் ஊற்றுதல் எல்லாம் அதில் அடங்கும். அவ்வேலையில் மாண்டவர்க்குத் தனிக் கல்லறையோ கல்வெட்டோ வைக்கும் வழக்கம் அன்று இல்லை.

தேயிலையும் தமிழரும்

சாலை முடியுமுன்பே தேயிலை மேலே ஏறிவிட்டது. ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து, 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பிற தோட்டங்கள் பின்தொடர்ந்தன. இலங்கையின் அறிவு துரையோடு வந்தது. உழைப்பு தமிழ்நாட்டிலிருந்து வந்தது. இரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டக் கற்ற கை, மலையில் கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் கற்றது. குழந்தைகளுக்கு ஆயாக்கொட்டகை, விடியற்காலையில் பெரட்டு, வரிசை வரிசையாக லயம் என்று சமவெளித் தோட்டத்து வாழ்வு அப்படியே மலையில் குடியேறியது. புதிதாகச் சேர்ந்தது குளிர் ஒன்றுதான்.

அதே ஆண்டுகளில் மலையின் மறுபுறத்தில் வேறொரு வாழ்வு மலர்ந்தது. 1934ஆம் ஆண்டில், ஐரோப்பியக் குழந்தைகளைத் தாய்நாட்டிற்கு அனுப்பாமலே படிக்கவைக்க ஓர் உறைவிடப் பள்ளி தானா ராத்தாவில் தொடங்கப்பட்டது. கோல்ப் ஆடுகளம் அமைந்தது. 1937ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிராம வீட்டின் சாயலில் சுமோக் ஹவுஸ் என்னும் விடுதி திறக்கப்பட்டது. கணப்படுப்பும் ரோசாத் தோட்டமும் கொண்டு, கிந்தாவின் வெயிலில் வாடிய துரைமார்க்கு அது இங்கிலாந்தை நினைவூட்டியது.

தோட்டத் துரைக்கும் அதிகாரிக்கும் இருவகை விடுப்பு உண்டு. ஆண்டுதோறும் கிடைக்கும் சில நாட்களை மலையில் கழிப்பர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் பல மாத விடுப்பில் தாய்நாடு செல்வர். பினாங்கிலிருந்து புறப்பட்ட அஞ்சல் கப்பல்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தைத் தொட்டுச் செல்லும். அங்கே இறங்கி இரயிலேறுவோரும் உண்டு. மாரிக்காலமாயின், நீஸ், கான் ஆகிய ஊர்கள் அங்கிருந்து தொலைவில் இல்லை. ஒரே மனிதர் காம்பாரில் இருந்தபோது குளிரைத் தேர்ந்தார். ஐரோப்பாவில் இருந்தபோது வெயிலைத் தேர்ந்தார். இரண்டையும் தேரும் உரிமை அவருக்கு இருந்தது.

ஊர் என்னும் ஒரே விடுமுறை

தமிழ்த் தொழிலாளிக்கு அன்று தேர்வதற்கு இருந்தது ஓர் இடமே; அது ஊர். 1920களின் இறுதியில் சமவெளித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் முறையான கூலியாக வகுக்கப்பட்டிருந்தன. அதில் மீத்து, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்குவர். 1926ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டுவரை பணியிலிருந்த ரஜூலா கப்பலின் மேல்தட்டில் பயணம் செய்யாத குடும்பம் மலேசியத் தமிழரிடையே அரிது. அப்பயணம் ஓய்வுக்காக மட்டும் அன்று. திருமணம், நேர்த்திக்கடன், நிலத்தகராறு, பெற்றோர் இறுதிக்கடன் என ஒவ்வொன்றும் ஒரு காரணமாகும். மற்ற ஆண்டுகளில் தீபாவளி, பொங்கல், தைப்பூசம் ஆகிய நாட்களே அவர்க்கு ஓய்வு.

சாலை முடிந்த காலமும் உற்று நோக்கத்தக்கது. 1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பரின் விலை சரிந்தது. கூலி குறைக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் மலாயாவிலிருந்து தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கேமரன் மலைக்கு மோட்டார் வண்டிகள் மகிழ்ச்சியோடு ஏறத் தொடங்கிய அதே நாட்களில், சமவெளித் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு துறைமுகம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று விருப்பப் பயணம். மற்றொன்று ஏவப்பட்ட பயணம். தொழிலாளர் நிலையை நேரில் ஆராய, வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசால் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குக் குடியேறும் முறையையே நிறுத்தியது.

ஓய்வு உரிமையான வரலாறு

1936ஆம் ஆண்டு உலகெங்கும் ஓய்வின் வரலாற்றில் ஒரு திருப்பம். பிரான்சில் லியோன் புளூமின் அரசு, தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுமுறை அளிக்கும் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டுக் கோடையில், கடலையே கண்டிராத ஆலைத் தொழிலாளர் பலர் குடும்பத்தோடு கடற்கரைகளுக்குச் சென்றனர். அரசியாரும் பிரபுக்களும் மாரிக்காலத்தைக் கழித்த தென்கடற்கரை, காலப்போக்கில் பொதுமக்களின் கோடை விடுமுறைக் கரையாயிற்று. ஊதியத்தோடு கூடிய விடுமுறை பற்றிய உடன்பாடு ஒன்றை அனைத்துலகத் தொழில் நிறுவனமும் அவ்வாண்டிலேயே ஏற்றுக்கொண்டது.

மலாயாவில் இம்மாற்றம் பின்னர் வந்தது. 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேலைச் சட்டம், வார ஓய்வு, வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றுக்கு வரையறை வகுத்தது. 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. தோட்டச் சங்கங்கள் போராடிப் பெற்ற உரிமைகள் மெல்ல மெல்ல லயங்களை எட்டின. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் வேலையிழந்து நகர் புகுந்தவர்களின் பிள்ளைகள் படித்து, ஆசிரியராகவும் எழுத்தராகவும் வணிகராகவும் ஆயினர். பள்ளி விடுமுறையில் காம்பாரிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தம் சொந்த வண்டியில் தாப்பா வழியே மலையேறுவது இன்று புதுமையன்று. 2000களில் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்தும் ஒரு சாலை மலைக்குத் திறக்கப்பட்டது. தேரும் உரிமை ஒரு தலைமுறைக்கு இல்லாதிருந்து, மூன்றாம் தலைமுறைக்குக் கைகூடிற்று.

ஆயினும் வரலாறு முற்றிலும் மாறிவிடவில்லை. இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போருள்ளும் காய்கறித் தோட்டங்களில் குனிந்து நிற்போருள்ளும் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர். ஊருக்குப் பணம் அனுப்பி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் செல்லும் அவர்களின் வாழ்வு, ரஜூலாவில் வந்தவர்களின் வாழ்வை ஒத்ததே. விடுமுறைக்குச் செல்லும் தமிழர் அவர்களைக் காணும்போது, தம் பாட்டனையும் பாட்டியையும் காண்கின்றனர் எனலாம்.

ஆசிரியர் செய்யத்தக்கது

மலைக்குக் கேமரனின் பெயரும், மற்றொரு மலைக்கு நெடுங்காலம் மேக்ஸ்வெலின் பெயரும் வழங்கின. அளந்தவர், தேர்ந்தவர், பணம் இட்டவர் ஆகியோரின் செய்திகள் அரசாங்க அறிக்கைகளில் உள. வெட்டியவர், சுமந்தவர், நோயுற்றவர் ஆகியோரின் பெயர்கள் அங்குக் கிடைப்பது அரிது. ஆயினும் அவை முற்றும் அழிந்துவிட்டன என்று கொள்ளவேண்டா. தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். தோட்டத்துக் கோயில்களில் நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகைகள் உள. ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. தாப்பாவிலும் காம்பாரிலும் பழைய தோட்டங்களில் பிறந்த முதியோர் இன்னும் வாழ்கின்றனர். பெற்றோர் வாய்க்கேட்ட செய்திகள் அவர்கள் நினைவில் இருக்கும்.

தோட்டம் மூடும்போது பள்ளி இடம் பெயர்கிறது. பதிவேடு கறையானுக்கு இரையாகிறது. கோயிலைப் புதுப்பிக்கும்போது பழைய பலகை கழற்றப்படுகிறது. இவற்றைப் படியெடுத்தும் நிழற்படம் எடுத்தும் காப்பது பெரும்பொருள் வேண்டும் பணி அன்று. வரலாறு கற்பிக்கும் தமிழாசிரியர் தம் மாணவரைக் கொண்டே ஒரு பள்ளித் தவணைக்குள் செய்யக்கூடியதாகும். கேமரன் மலைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளிகள், தாப்பாவில் வண்டி ஏறத் தொடங்கும்போதே பிள்ளைகளுக்கு இச்சாலையின் கதையைச் சொல்லலாம். மேலே சென்று அவர்கள் துய்க்கும் குளிர் இயற்கையின் கொடை. அதனை அடையும் வழி மனிதர் தந்தது. அம்மனிதருள் சிலருடைய பெயர்களையேனும் அடுத்த தலைமுறை அறியுமாறு செய்தல் இன்று இயலும். இன்னும் இருபது ஆண்டுகள் கழிந்தபின் அது இயலாது போகலாம்.